பத்து எண்ணி ஒரு பஸ்கி

எழுபதுகளின் நடுவில் நாங்கள் குடியிருந்த மயிலாப்பூர் வீட்டில் ஆறு குடித்தனம், ஒரே அடிபம்பு. பக்கத்துப் போர்ஷன்காரர் பாண்டி பஜார் பக்கம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பவர். நாள் முழுக்க 'வேகம், வேகம்' என்று மாணவர்களை விரட்டுகிறவர், பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் படித்துவிட்டு நேர்மாறாகப் பேச ஆரம்பித்தார்.

"வேகமா தண்டால் எடுத்தா உடம்பு நம்மள ஏமாத்திடும் சார். பத்து எண்ணி இறங்கணும், பத்து எண்ணி ஏறணும். நாலு எடுத்தா போறும்."

நாலே நாலு என்றது எனக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாள் காலை கூடத்தில் எண்ணிக்கொண்டே இறங்கினேன். ஏழில் எண்ணிக்கை முனகலாயிற்று. எட்டில் மூக்கு தரையைத் தொட்டது. அப்புறம் ஏறவே இல்லை. காபியோடு வந்த மனைவி சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏன்னா, நமஸ்காரம் பண்ணிண்டே தூங்கிட்டேளா?"

ஆனாலும் விஷயம் பரவியது. ஒரே மாதத்தில் ஆறு போர்ஷன் ஆண்களும் ஞாயிறு காலை பம்படியில் வரிசையாக நின்று, தண்டாலை விட்டுவிட்டு, யாரோ கயிறு கட்டி மெல்ல இறக்குவதுபோல உட்கார்ந்து எழுந்து பஸ்கி எடுத்தோம்.

அப்படி ஒரு ஞாயிறு, பக்கத்து மனையில் வீடு கட்டும் வேலைக்கு வந்த சித்தாள் ஒருத்தி தண்ணீர் எடுக்க வந்தாள். ஒல்லியான பெண். பாதி உட்கார்ந்தபடி முகம் சிவந்து நின்ற எங்களைப் பார்த்தாள்.

"இன்னா சார், ஆறு பேருக்கும் ஒண்ணா வயிறு கெட்டுப்போச்சா?"

டைப்ரைட்டிங்காரர் நிமிராமலே விளக்கம் சொன்னார். "இதானா?" என்றவள், நிறைகுடத்தைத் தலையில் வைத்துக் கையை விட்டாள். நாங்கள் எண்ணினோம். பத்தில் உட்கார்ந்தாள். அங்கேயே முந்தானையைச் சரிசெய்துகொண்டு, இன்னொரு பத்தில் எழுந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"எப்படிம்மா?"

"கலவைச் சட்டியத் தூக்கினு சாரத்துல ஏர்றேன். வேகமா ஏறுனா வுயுந்துட மாட்டேன்?"

டைப்ரைட்டிங்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிறு அவளே வந்து எண்ணவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதுதான் தப்பு. அவள் ஐந்து எண்ணியபோது என் மனைவி, வீடு எப்போது முடியும் என்று கேட்டுவிட்டாள். மேஸ்திரியின் சோம்பேறித்தனம், சிமெண்டு தட்டுப்பாடு என்று பேச்சு நீண்டது. நாங்கள் ஐந்திலேயே நின்றோம்.

"அம்மா, ஆறு!" என்று டைப்ரைட்டிங்காரர் கெஞ்சினார்.

"இரு நைனா, பேசிக்கினு கீறோம்ல."

முதலில் சாய்ந்தவன் நான். சாயும்போது பக்கத்தில் இருந்தவரைப் பிடித்தேன். அவர் அடுத்தவரைப் பிடித்தார். ஆறு பேரும் பம்படிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டோம். மறுநாள் தொடை மடங்காததால், நான் இறங்கவேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் தள்ளித்தான் பஸ்ஸிலிருந்து இறங்க முடிந்தது.

அதோடு ஆண்கள் விட்டுவிட்டோம். பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்து வீடு கட்டி முடிகிறவரை ஞாயிறுதோறும் அந்தச் சித்தாளோடு சேர்ந்து தலையில் குடத்தோடு பஸ்கி எடுத்தார்கள். எண்ணிக் கொடுக்கிறோம் என்று போனோம், விடவில்லை. நாங்கள் ரொம்ப அவசரப்படுகிறோமாம்.