சட்டி இல்லாமல் ஒரு படம்

"...கூரை ஓட்டைய எத்தன தரம் வேணும்னாலும் படம் எடுங்க மாத்தயா, கீழ இருக்கிற சட்டிய மட்டும் எடுக்காதீங்க" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா, கேமராக்காரரிடம் சிங்களத்தில். நான் கேமராவுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளேதான்.

கேமராக்காரர் கொழும்பிலிருந்து வந்தவர். ஏழைகளின் வாழ்க்கையைப் படமெடுத்துக் கண்காட்சி வைப்பாராம். புளத்கொகுபிட்டிய பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், தோட்டத்து ஆட்களோடு பேச ஒருவர் வேண்டுமென்றார். நானும் பெரிய மனிதன்போலத் தலையாட்டினேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கூட்டிவந்து பார்த்தால், அக்காவின் சிங்களம் என்னுடையதைவிட வேகம். எனக்கு மிஞ்சியது குடைதான்.

மழையென்பதால் அன்று ரப்பர் மலையில் பால்வெட்டு இல்லை. கூரைத் தகரத்தின் ஓட்டையிலிருந்து ஒரு நெளிந்த அலுமினியச் சட்டிக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு அந்தச் சட்டியின் மேல் அப்படியொரு ஆசை. முட்டி போட்டுப் பார்த்தார், படுத்தும் பார்த்தார்.

"சட்டி இல்லாவிட்டால் அது வெறும் ஓட்டை, அக்கா."

"வீடு தோட்டத்துது, ஓட்டயும் தோட்டத்துது. ஆபீசுல சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. அது ஊரெல்லாம் போகட்டும், வெக்கம் அவங்களுக்கு. சட்டி என்னோடது."

இப்படியொரு பங்குபிரிப்பை நான் எந்தக் கோர்ட்டிலும் கேட்டதில்லை. அக்கா என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினாள்.

"நீங்களாவது சொல்லுங்க தம்பி. ஞாயித்துக்கெழம கலவானயில இருந்து புள்ளய பாக்க வாறாங்க. இவரு இத போன்ல போட்டா, மாப்பிள்ளையோட அம்மா மொதல்ல சட்டியத்தான் பாப்பா. பாத்தா வருவாளா?"

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. போன வருடம் மேல் லயத்துப் பெண் ஒருத்தியைக் கிழிந்த ஸ்வெட்டரோடு யாரோ படமெடுத்துப் போட்டுவிட்டார்கள். எம்பிலிப்பிட்டியவில் இருக்கும் அவளுடைய நாத்தனார், நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவள், அதைப் பார்த்துவிட்டுப் பழைய துணி ஒரு மூட்டை அனுப்பினாள். மேல் லயத்துக்காரி மூட்டையைத் திருப்பி அனுப்பினாள். இப்போது இன்னொரு நாலு வருடத்துக்குச் சண்டை கையிருப்பில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை நான் சொன்னதும் அவர் சங்கடப்பட்டார். நல்ல மனிதர். ஆனாலும் தொழில் தொழில்தானே.

"நான் எதையும் நகர்த்த மாட்டேன் அக்கா. இருப்பதை இருக்கிறபடிதான் எடுப்பேன்."

"நான் நகத்தலாமா?"

"அது உங்கள் வீடு. வேண்டாமென்று சொல்ல நான் யார்?"

அக்கா இடுப்பில் கைவைத்துக் கொஞ்சநேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு சட்டியைத் தூக்கி வாசலில் தண்ணீரைக் கொட்டி, அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். மகளின் கல்யாணத்துக்கென்று வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்திருந்த சில்வர் குண்டானை இறக்கினாள். பிளாஸ்டிக் பையை உருவி, முந்தானையால் துடைத்து, ஓட்டைக்கு நேர் கீழே வைத்தாள். கடை ஸ்டிக்கர் சுவர்ப்பக்கம் போய்விட்டது. குனிந்து, அதைக் கேமராவைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்துவிட்டு, தள்ளி நின்றாள்.