ஆறாம் பாரமும் அரளிப் பூவும்

யுத்தம் முடிந்த மறுவருஷம் எங்கள் தலைமை ஆசிரியைக்கு மாணவிகளின் எதிர்காலத்தைப் பற்றித் திடீரென்று கவலை வந்துவிட்டது. அதுவரை அந்த அம்மாளின் கவலையெல்லாம் கிணற்றில் உப்பு ஏறுவதும் கம்பவுண்டுச் சுவரில் ஆடு ஏறுவதும்தான். எங்கிருந்தோ ஓர் இங்கிலீஷ் பத்திரிகை கையில் கிடைத்திருக்கிறது. சீமையில் பள்ளிப் படிப்பு முடிந்த பிள்ளைகளுக்கு, என்ன வேலைக்குப் போகலாம், எந்தக் காலேஜில் சேரலாம் என்று ஆசிரியர்களே வழிகாட்டுகிறார்களாம். படம்கூடப் போட்டிருந்தது. படத்தில் இருந்த ஆசிரியை கண்ணாடி போட்டிருந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் கண்ணாடி போட்டவள் நான் ஒருத்திதான்.

ஆகவே அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் மதராஸில் பௌதிகம் எடுத்து பி.ஏ. படித்து, எல்.டி. என்ற ஆசிரியர் பயிற்சியும் முடித்துத் தூத்துக்குடிக்கு வந்திருந்தேன். வயது இருபத்தைந்து, கல்யாணம் ஆகவில்லை. அதனால் பெண்களின் எதிர்காலம் எனக்குத் தெரிந்திருக்கும் என்று தலைமை ஆசிரியை நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வயதில் எனக்குத் தெரியாதது என்று எதுவுமே இருக்கவில்லை.

ஆறாம் பாரம் என்பது அன்றைக்குப் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு. அந்த வருஷம் பரீட்சை எழுதியவர்கள் பத்தொன்பது பேர். முடிவு பேப்பரில் வருவதற்கு இரண்டு மாதம் கிடந்தது. அதுவரை வாரத்துக்கு ஒருநாள் அவர்களை வரவழைத்துக் கூட்டம் போடுவது என்று ஏற்பாடு. காகிதம் கிடைக்காத காலம். யுத்த நிதிக்குப் பணம் கேட்டு ஒட்டிய பழைய சுவரொட்டி ஒன்றின் பின்பக்கத்தில் பெரிதாகப் படம் வரைந்தேன். நடுவில் ஒரு வட்டம். அதற்குள் ஆறாம் பாரம். அதிலிருந்து நாலாபக்கமும் அம்புகள் கிளம்பி டாக்டர், நர்ஸ், டீச்சர், டைப்பிஸ்ட், டெலிபோன் என்று போய்ச் சேர்ந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் மாட்டினால் சுவரொட்டியின் மறுபக்கத்தில் இருந்த சிப்பாய் மங்கலாகத் தெரிந்தான். டாக்டர் என்ற எழுத்து அவனுடைய மூக்கின் மேல் விழுந்திருந்தது.

முதல் கூட்டத்தில் அரைமணி நேரம் அந்தப் படத்தை விளக்கிவிட்டுச் சந்தேகம் உண்டா என்று கேட்டேன். முன்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"கல்யாணம் எந்தக் கோட்டுல இருக்கு டீச்சர்?"

அவள் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே தேடிப் பார்த்திருக்கிறாள். பாதிப் பேருக்கு மேல் நிச்சயமே ஆகியிருந்தது. அவர்கள் கூட்டத்துக்கு வந்ததே வீட்டில் அரிசி புடைப்பதிலிருந்து தப்பிக்கத்தான். நான் "உட்காரு" என்று அதட்டினேன்.

அடுத்தடுத்த வாரங்களில் ஊர்ப் பெரிய மனிதர்கள் வந்து பேசினார்கள். கப்பல் கம்பெனி ஹெட்கிளார்க் ஒருவர் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். நம்முடைய துறைமுகத்தில் ஆழம் கிடையாது, கப்பல் தூரத்தில் நிற்கும், தோணியில்தான் சரக்கு போகும் வரும் என்று முக்கால் மணி நேரம் சொன்னார். தூத்துக்குடியில் பிறந்த பிள்ளைக்கு இதைச் சொல்ல ஒரு கோட்டு தேவையில்லை. இதில் பெண்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்று நான் கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். "கப்பல் கிளம்பும்போது கையசைக்கலாம்" என்றார்.

இன்னொருவர் கடலுக்கடியில் முத்துச் சிப்பி விளையும் பாறைத் திட்டுகளைப் பார்வையிடும் உத்தியோகஸ்தர். முத்துக்குளிப்பு நடந்தே பல வருஷம் ஆகியிருந்தது. இவர் போட்டில் போவார். ஆட்களை முங்கவிட்டுப் பார்ப்பார். சிப்பி போதாது என்று எழுதி மேலே அனுப்புவார். மறுவருஷமும் போவார். இல்லாத ஒன்றை இல்லை என்று எழுதுவதற்குச் சம்பளமும் பென்ஷனும் உண்டு என்று தெரிந்ததும் பிள்ளைகள் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த வேலைக்கும் பெண்களை எடுப்பதில்லை.

மூன்றாவதாக ஒரு டாக்டரம்மா. ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். நாற்காலியைத் துடைக்கச் சொன்னார். கரப்பானைக் கண்டு அலறுகிறவர்கள் இந்தப் படிப்புக்கு ஆசைப்பட வேண்டாம் என்று ஆரம்பித்து, ஆசைப்பட வேண்டாதவர்கள் யார் யார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் மிஞ்சியது அவர் ஒருவர்தான். "கேள்வி ஏதாவது உண்டா?" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்தாள். கருப்பட்டிக் கடைக்காரர் மகள். "சங்கு குளிக்கிறவங்க மேல வந்ததும் சில பேருக்குக் காதுல ரத்தம் வருது. சில பேருக்கு வரல. ரெண்டு பேரும் ஒரே ஆழத்துக்குத்தான் போறாங்க. அது ஏன் டாக்டர்?"

டாக்டரம்மா கைக்கடிகாரத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு பத்து நிமிஷம், அன்றைக்கு முதல் தடவையாக, டாக்டரைப் போலப் பேசினார். போகும்போது என்னிடம், "அந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்கு அவள்மேல் வந்தது பிரியம்தான். அவள் டாக்டராக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே பிடித்துக்கொண்டது. அவளுக்கும் அதே ஆசை இருந்தது. ஆனால் அவள் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

பாளையங்கோட்டையில் பெண்கள் காலேஜில் இரண்டு வருஷம் இண்டர்மீடியட் படித்துவிட்டு அப்புறம் மதராஸுக்குப் போவது என்று திட்டம் போட்டோம். மனுவை நானே வரவழைத்து நானே பூர்த்தி செய்தேன். தகப்பனார் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி. அதை வாங்க நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கருப்பட்டிச் சிப்பங்களுக்கு நடுவே பெரியப்பா உட்கார்ந்திருந்தார், தகப்பனார் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் முன்னால் தம்பி உட்காராத வீடு. இதைப் பார்த்த மாத்திரத்திலேயே யாரிடம் பேச வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. அன்றைக்கு எனக்குச் சரியாகப் புரிந்தது அது ஒன்றுதான்.

"டீச்சரம்மா, எங்க குடும்பத்துல பொம்பளப் பிள்ள ஆறாம் பாரம் வர வந்ததே பெருசு" என்றார் பெரியப்பா. "ஆறுமுகநேரில மாப்பிள்ள பாத்தாச்சு. உப்பளம் வச்சிருக்காக. நல்ல குடும்பம். ஆவணில முடிச்சிருவோம்."

"அண்ணாச்சி, அவள் டாக்டருக்கே படிக்கலாம். அவ்வளவு மூளை இருக்கிறது."

"படிச்சு? எங்க வீட்டுல யாருக்கும் மேலுக்குச் சொகமில்லாம இல்லியே."

அரைமணி நேரம் வாதாடினேன். சுக்குக் காப்பி வந்தது, சீனிமிட்டாய் வந்தது, சம்மதம் வரவில்லை. தகப்பனார் வாயையே திறக்கவில்லை. தன் பெண்ணுக்காக ஒரு வார்த்தை பேசத் துப்பில்லாத மனிதர் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நான் எழுந்திருக்கும்போதுதான் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, எதுக்கும் நம்ம அம்மங்கிட்ட பூக்கட்டிக் கேட்டுருவமா?"

இரண்டு பொட்டலத்தில் இரண்டு நிறப் பூவைக் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத சிறு குழந்தை அதில் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கும். வருகிற பூதான் சாமியின் உத்தரவு. நான் பிறந்து வளர்ந்த ஆற்றங்கரை ஊரில் இதெல்லாம் கிடையாது. அங்கே எதற்கெடுத்தாலும் ஜோசியர். அதனால் இதைப் பற்றி நான் கேள்விப்பட்டதுண்டே தவிர, கண்ணால் கண்டதில்லை. சாமி என்றதும் பெரியப்பாவால் மறுக்க முடியவில்லை.

"சரிலே. வெள்ளப் பூ வந்தா பாளையங்கோட்ட. செவப்பு வந்தா ஆறுமுகநேரி. அதுக்கப்புறம் பேச்சுக் கெடையாது."

"பூவ டீச்சரம்மாவே கட்டிக் கொண்டாரட்டும். படிச்சவக, பொதுவான ஆளு" என்றார் தகப்பனார். என்னை வாசல்வரை கொண்டுவிட வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெள்ளப் பூ வீட்டுலயே நெறையப் பூத்துக் கெடக்கு டீச்சரம்மா. ஒரு கூட குடுத்து விடுதேன். செவப்புக்கு நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம்."

பாவம், மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும்வரை எனக்குக் கோபம் ஆறவில்லை. பௌதிகம் படித்தவள் பூப்பொட்டலம் கட்டுவதா? பிறகு யோசித்துப் பார்த்தேன். இதுவரை அந்தப் பெண்ணுக்கு வாய்ப்பே இல்லை. இப்போது பாதிக்குப் பாதி. செய்வதைத் திருந்தச் செய்துவிட்டால் நாளைக்கு எவரும் குறை சொல்ல முடியாது. டீச்சர் ஏமாற்றிவிட்டாள் என்று பெரியப்பா ஒரு வார்த்தை பேசிவிடக் கூடாது.

வியாழக்கிழமை காலையில் ஒரு கூடை நந்தியாவட்டை வந்து சேர்ந்தது. சிவப்புக்காக நான் வெயிலில் மூன்று தெரு அலைந்தேன். கடைசியில் தலைமை ஆசிரியை வீட்டுக் கொல்லையில் செவ்வரளி கிடைத்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பரிசோதனைச் சாலைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வாழையிலையை அடிக்கோல் வைத்து ஒரே அளவில் இரண்டு துண்டாக நறுக்கினேன். நூலையும் ஒரே நீளத்தில் வெட்டினேன். பூவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ரசாயனத் தராசில் வைத்து, இடுக்கியால் எடைக்கல்லை எடுத்துப் போட்டு நிறுத்தேன். நந்தியாவட்டை கொஞ்சம் கனத்தது; ஓர் இதழைக் கிள்ளினேன். அரளி கனத்தது, அதில் அரை இதழ். குழந்தையின் கைக்கு எந்த வித்தியாசமும் தெரியக் கூடாதல்லவா? கட்டி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றி உருட்டினேன். எதில் எது என்று இப்போது எனக்கே தெரியாது. அந்தப் பரிசோதனைச் சாலையில் அவ்வளவு சுத்தமாக ஒரு சோதனையை அதற்கு முன்பும் பின்பும் யாரும் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பக்கத்தில் இருக்கும் புதுக்கோட்டைக் கிராமத்துக்கு அப்பால் பனங்காட்டுக்குள் இருந்த அவர்கள் குடும்பக் கோயிலுக்குக் குதிரைவண்டியில் போனோம். பெரியப்பா, தகப்பனார், அந்தப் பெண், பூ எடுப்பதற்கு அவள் சித்தியின் நாலு வயதுக் குழந்தை, நான். வழியெல்லாம் அந்தப் பெண் என்னிடம் ஹாஸ்டலைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள். கொசுவலை கொண்டுபோக வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமை வெளியே விடுவார்களா என்றெல்லாம். இவ்வளவு தைரியம் ஆகாது என்று எனக்குத் தோன்றியது.

பூசாரி பொட்டலங்களைக் கையில் வாங்கிக்கொண்டு சிரித்தார். "டீச்சரம்மா கட்டுனதா? அப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கும்."

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். "சரியா என்றால் அப்படி இப்படி இல்லை" என்றேன். "ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. தராசில் வைத்து நிறுத்துக் கட்டியிருக்கிறேன். எதில் எது என்று எனக்கே தெரியாது."

தகப்பனார் சட்டென்று திரும்பினார். "ஒங்களுக்கே தெரியாதா?"

"தெரியாது" என்றேன் பெருமையாக.

அவர் முகம் வெளிறிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் அண்ணன் கைகூப்பி நின்றார். வாயை மூடிக்கொண்டார். பூசாரியும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். ஆனால் பொட்டலங்கள் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்தன. இனி யாரும் எதுவும் செய்ய முடியாது. மணி அடித்தது. சூடம் ஏற்றினார்கள். குழந்தை கையை நீட்டி ஒன்றை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தது. பிரித்தார். சிவப்பு.

பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்மன் சொல்லிட்டா" என்றார். ஜெயித்த மாதிரிகூட இல்லை, நிம்மதியாகச் சொன்னார். அந்தப் பெண் மட்டும் அந்தச் சிவப்பைப் பார்க்கவில்லை. குனிந்து மற்றப் பொட்டலத்தை எடுத்தாள். நூலின் முடிச்சை நகத்தால் நெம்பிப் பிரித்தாள். உள்ளே நந்தியாவட்டை. பிறகு என் பக்கத்தில் வந்தாள். அழவில்லை.

"ரெண்டுலயும் வெள்ளதான் இருக்கும், பயப்படாதன்னு அப்பா சொன்னாக டீச்சர்" என்றாள்.

அப்புறம் விசாரித்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் பூக்கட்டுவதே அதற்குத்தானாம். அண்ணனை எதிர்த்துப் பேச முடியாத தம்பிக்கும் கொடுத்த வாக்கை மாற்ற வேண்டியவர்களுக்கும் மானத்தோடு தப்பிக்க அது ஒரு வழி. கட்டுகிறவர் குறிப்பறிந்து கட்ட வேண்டும். பூசாரிக்குத் தெரியும், கூடையில் பூப் பறித்து அனுப்பிய அவள் தாயாருக்குத் தெரியும். என்னை நம்பி அந்த மனிதர் வாசல்வரை வந்து சொன்னார். நான் அவரைத் துப்பில்லாதவர் என்று நினைத்துக்கொண்டு மூன்று தெரு அலைந்து சிவப்பைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டு போனேன்.

திரும்பி வந்து வண்டியிலிருந்து இறங்கும்போது தகப்பனார், "நீங்க நேர்மையான ஆளு டீச்சரம்மா" என்றார். அதில் குத்தல் இல்லை. வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் வைதிருக்கிறார்கள். அவ்வளவு வலித்தது எதுவும் இல்லை.

பரீட்சை முடிவு பேப்பரில் வந்தது. அவள்தான் பள்ளிக்கூடத்தில் முதல். ஆவணியில் கல்யாணம் நடந்தது. எனக்கும் பத்திரிகை வந்தது, நான் போகவில்லை. அந்த வருஷத்து வழிகாட்டலின் பலன் என்று தலைமை ஆசிரியை மேலிடத்துக்கு ஓர் அறிக்கை தயாரித்தார். பத்தொன்பது பேருக்கும் ஏதாவது எழுதியாக வேண்டும். அவள் பெயருக்கு நேரே உப்புத் தொழில் என்று எழுதினார். கீழே, வழிகாட்டிய ஆசிரியை என்று போட்டிருந்த இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.