அம்பு ஸ்டிக்கர் வைத்தியர்

வலியில் துடிக்கும் உங்கள் தங்கையின் நெற்றியில், "இவள் நடிக்கிறாள்" என்று சொல்லி ஸ்டிக்கர் ஒட்டுவீர்களா? மாட்டேன் என்றுதான் பிரிசில்லாவும் ஒரு காலத்தில் சொல்லியிருப்பாள்.

அவளை ஒட்டவைத்தவர் பல்லடம் பிரபாகர். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எதுவானாலும் துணியில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டுவது அவர் வேலை. மனோதத்துவப் புத்தகங்கள் நாலைந்து படித்ததும், மனிதரையும் அப்படியே செக்கிங் செய்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. 2003இல் மண்ணரை என்ற ஊரில் ஒரு தகரக் கொட்டகையில் வைத்தியம் தொடங்கினார். நோயாளி நடுவில் உட்கார வேண்டும். சுற்றியிருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஒரு குறையைச் சொல்லி, உடம்பில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அழுது ஒப்புக்கொண்டால்தான் உரிப்பார்கள்.

கம்பெனி முதலாளி பொங்கியண்ணனுக்கு இது பிடித்துப்போயிற்று. லீவு கேட்டவர்கள் அங்கே போய்வந்ததும் வாய் திறக்காமல் மெஷினில் உட்கார்ந்தார்கள். அங்கே தைத்துக்கொண்டிருந்த, குழந்தையைப் பறிகொடுத்த பிரிசில்லாவும் அப்படித்தான் உட்கார்ந்தாள். பிறர் முன்னால் அழப் பயந்ததையே குணமானதாக நம்பினாள்.

அதனால்தான் தங்கை அன்புசெல்விக்குத் தலைவலியும் வாந்தியும் விடாமல் வந்தபோது, நேரே கொட்டகைக்குக் கூட்டிப்போனாள்.

"கண்ணு மங்கலாத் தெரியுதுங்க சார்," என்றாள் அன்புசெல்வி.

"வேலைன்னா மங்கும். சம்பளத்தன்னைக்குப் பளிச்சுன்னு தெரியுமாக்கும்," என்றார் பிரபாகர். கூட்டம் சிரித்தது. "பிரிசில்லா, நீ சொல்லு கண்ணு. கூடப் பொறந்தவளுக்குத் தெரியாததா?"

"நடிக்கறாளுங்க சார்," என்று பிரிசில்லா தங்கையின் நெற்றியில் ஒட்டினாள்.

அன்புசெல்வி அழவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. வாராவாரம் ஸ்டிக்கர்கள் கூடின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிரில் நின்ற அக்காவின் முகத்தைத் தடவிப் பார்த்து, "யாருங்க?" என்றாள்.

மூளைச் சவ்வில் காசநோய் என்றார் அரசு மருத்துவர். "மொதல்லயே வந்திருந்தா பார்வையைக் காப்பாத்தியிருக்கலாம்மா." உயிர் மட்டும் மிஞ்சியது.

பிரிசில்லா கொட்டகைக்கு ஓடிப்போய்க் கத்தினாள். பிரபாகர் அசையவில்லை. "அவ மனசு பார்க்க மாட்டேன்னு அடம் புடிக்குது. நீயும் உக்காரு கண்ணு, உன்ற கோவத்தையும் பார்த்துடலாம்." சுற்றியிருந்தவர்கள் தாளிலிருந்து ஸ்டிக்கரை உரித்துத் தயாராக எழுந்தார்கள்.

2008இல் பிரபாகர் மாரடைப்பில் செத்தார். நெஞ்சு வலித்ததும் கார் பிடித்து அவர் பறந்தது கோவையின் பெரிய ஆஸ்பத்திரிக்கு. "மனநல முன்னோடி" என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார் பொங்கியண்ணன். அந்த வைத்தியம் அவர் கம்பெனியில் கவுன்சிலிங் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

பிரிசில்லா தினமும் தங்கைக்குச் சோறு ஊட்டுகிறாள். அன்புசெல்வி வாயைத் திறப்பாள், பேச மாட்டாள்.

பக்கத்து மெஷினில் ஒருத்தி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், எந்த சூப்பர்வைசரையும் கேட்காமல் அவளை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோங்கள்.