அணுபுரத்தில் ஒரு நாயும் கதவில் ஒரு மணியும்

விடிகாலையில் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து, ஹாலில் ஈரத்தில் கால் வைத்து, 'யாருடா தண்ணியைக் கொட்டினது' என்று ஒரு நிமிடம் வீட்டில் இருக்கிற எல்லார் மேலும் சந்தேகப்பட்டவர் நீங்கள் என்றால், என் தொழிலைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரம்பித்து நாலைந்து வருஷம் இதுதான் எனக்குச் சோறு போட்டது. மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு நாய்ப்பண்ணையில் வேலை கற்றுக்கொண்டு, பிறகு மொபெட்டில் கல்பாக்கம், அணுபுரம் என்று வீடு வீடாகப் போய், வெளியே போக வேண்டும் என்றால் மணியடித்துச் சொல்ல நாய்களைப் பழக்குவேன். கதவுக் கைப்பிடியில் நாயின் மூக்கு எட்டும் உயரத்தில் ஒரு சின்ன மணி. ஒவ்வொரு தடவை வெளியே கூட்டிப் போகும்போதும் அதன் மூக்கால் மணியைத் தட்ட வைத்து, தட்டிய கையோடு கதவைத் திறக்க வேண்டும். கொஞ்ச நாளில் மணியைத் தட்டினால் கதவு திறக்கும் என்று நாய்க்குப் புரிந்துவிடும். மனிதர்களுக்குப் புரிய வைப்பதில்தான் என் ஆயுசில் பாதி போயிற்று.

சொந்தக்காரர் சந்தேகம்

என் மச்சான் நெம்மேலியில் மீன் வண்டி ஓட்டுகிறவர். எங்கள் வீட்டு வளைகாப்புக்கு வந்தவர், சாப்பிட்டு முடித்ததும் என்னைத் தனியாக ஓரங்கட்டினார். ஏதோ கைமாற்று கேட்கப் போகிறார் என்று நான் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டேன்.

அவர் கேட்டது வேறு. பந்தியில் யாரோ என் தொழிலைச் சொல்லியிருக்கிறார்கள். மனுஷனுக்கு அப்போதிருந்து சாம்பார் இறங்கவில்லையாம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இன்னா மச்சான், நாய்ங்களுக்கு வெளிய போவ நீ சொல்லித் தரியாமே? எங்க தெருவுல கீறதெல்லாம் யாரும் சொல்லித் தராமலே தானா போய்கினுதானே கீது?"

இரண்டாவது மாடி

தெரு நாய்க்குக் கதவு கிடையாது, மச்சான். குவார்ட்டர்ஸ் நாய்க்குக் கதவும் உண்டு, மாடிப்படியும் உண்டு. கணேசன் சார் வீட்டில் இரண்டும் இருந்தன. அணுபுரத்தில் இரண்டாவது மாடி, அணுமின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு, அவர் மனைவி சாந்தி மேடம் பேச்சுத்துணைக்கு ஒரு பொமரேனியன் குட்டி வாங்கி அதற்கு டைகர் என்று பெயர் வைத்திருந்தார். கடற்கரையில் நண்டைப் பார்த்தால் பின்னங்கால் முன்னங்காலை முந்தும். வீரம் எல்லாம் ஹால் தரையோடு சரி.

நான் போன அன்றே சார் கறாராகச் சொல்லிவிட்டார். தீபாவளிக்குள் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய சிநேகிதரின் இறால் பண்ணைக்குக் காவல் காக்கப் போய்விடும். மேடம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். சார் அந்தப் பக்கம் போனதும் என்னிடம், "அவரு நைட் ஷிப்ட் போனா இந்த வீட்டுல என்கூடப் பேசுறது இது ஒண்ணுதான் மாஸ்டர், எப்படியாவது சொல்லிக் குடுத்துடுங்க" என்றார். நாய்ப்பாடத்துக்குப் போன இடத்தில் இப்படி மாட்டிக்கொண்டோமே என்று இருந்தது.

படியிறங்கும்போது சார் மேலிருந்து எட்டிப் பார்த்து, நியாயத்தை என்னிடமே கேட்டார்: "அதுக்கு நாலு காலு, எனக்கு ரெண்டு காலு. ரெண்டு மாடி இறங்கி ஏறுறது யாருக்குக் கஷ்டம், நீங்களே சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை பூஜை

ஏதாவது ஒரு மணி கட்டுங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். மேடம் பரண் மேல் இருந்த பழைய பூஜை மணியைத் தேய்த்துப் பளபளவென்று கட்டிவிட்டார். டைகர் கெட்டிக்காரன். மணியைத் தட்டினான், கதவு திறந்தது, ஓடிப்போய்ச் சவுக்கு மரத்தடியில் வேலையை முடித்தான். இந்த வீட்டில் என் மானம் பிழைத்தது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை சார் குளித்துவிட்டு, கற்பூரம் ஏற்றி, பூஜை அலமாரியில் இருந்த புது மணியை அடித்தார். அதுவும் பழையதும் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே ஓசை. தூங்கிக்கொண்டிருந்த டைகர் துள்ளி எழுந்து கதவுக்கு ஓடினான். கதவு திறக்கவில்லை. சார் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தார். அவசரம் போலிருக்கிறது என்று டைகரும் குதித்துப் பார்த்தான். மணி நிற்கவில்லை, கதவும் திறக்கவில்லை. எத்தனை நேரம்தான் தாங்குவான்? சொன்ன வேலையை அங்கேயே முடித்துவிட்டான்.

தகவல் கிடைத்து நான் போனபோது சார் கற்பூரத் தட்டோடுதான் நின்றுகொண்டிருந்தார். கதவுக்கு ஆட்டு மணி மாற்றுவதாகச் சொல்லி, ஆளை விட்டால் போதும் என்று கிளம்பினேன். வாசல் வரை வந்து சொன்னார்: "மாஸ்டர், இத்தனை வருஷமா நான் மணி அடிக்கிறேன், சாமி ஒரு தடவை கூட இவ்வளவு சீக்கிரம் எழுந்து வந்ததில்லை."

ரோஸியின் ஊர்வலம்

இதற்கு நேர்மாறான வீடு ஸ்டெல்லா அக்கா வீடு. கல்பாக்கத்தில் ஊழியர்களை ஏற்றும் பஸ்ஸுக்கு அவர் வீட்டுக்காரர் டிரைவர். அவர்கள் வீட்டுச் செல்ல நாய் ரோஸி ஒரே வாரத்தில் மணியடிக்கக் கற்றுக்கொண்டது. சந்தோஷத்தில் அந்த மனுஷன், அது மணியடித்த போதெல்லாம் பெண்டாட்டி பிள்ளைகளோடு கடற்கரை வரை உலாத்திக் கூட்டிப் போனார். ஒரே இடத்தில் நிற்க வையுங்கள், முடிந்ததும் திரும்பிவிடுங்கள், உலாவப் போவது தனி என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். யார் கேட்டார்கள்?

நாய் கணக்குப் போட்டுவிட்டது. அதற்கு அலுப்பு தட்டினால் மணி, பக்கத்து வீட்டில் மீன் வறுத்தால் மணி. பாஸ்டர் வந்து வீட்டு ஜெபம் நடத்தியபோது, அவர் ஆமென் சொல்வதற்குள் இது நாலு தடவை சொல்லிவிட்டது. ஒரு சாயங்காலம் கடற்கரை ரோட்டில் எதிரே வந்த ஸ்டெல்லா அக்கா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார்: "நாயி வூட்ட விட்டு வெளிய போறதுக்குத்தானே மாஸ்டர் மணி கட்னீங்கோ? இப்ப நாங்கதான் வூட்டுப் பக்கமே போவ முடியாம சுத்திகினு கீறோம்."

சத்தம் போடாத மணி

தீபாவளி நெருங்கிவிட்டது. ஆட்டு மணி கட்டிய பிறகு கணேசன் சார் வீட்டில் சத்தமே இல்லை. நல்லபடியாகப் போகிறது என்று இருந்தேன். ஒரு மத்தியானம் மேடத்திடமிருந்து போன். டைகர் ஷூவுக்குள்ளேயே ஒன்றுக்குப் போய்விட்டான். சார் ஷிப்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற ஷூ. இறால் பண்ணை சிநேகிதர் ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டாராம். சாப்பாட்டில் கை வைத்தவன் அப்படியே எழுந்து போனேன்.

போய்ப் பார்த்தால் ஹாலில் சங்கிலி தயாராக இருக்கிறது, டைகர் சோபாவுக்கு அடியில் இருக்கிறான், சார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் நேராகக் கதவுக்குப் போனேன். மணி தொங்கிக்கொண்டிருந்தது, ஆனால் அதற்குள் ஒரு பழைய காலுறையைத் திணித்து நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. காலுறை முழுக்க நாய் எச்சில். கதவில் புதிய நகக் கீறல்கள். நைட் ஷிப்ட் முடிந்து பகலில் படுத்த சாருக்கு மணிச் சத்தம் இடைஞ்சலாக இருந்திருக்கிறது, மேடம் காய்கறி வாங்கப் போன நேரத்தில் எழுந்து வந்து கட்டிவிட்டிருக்கிறார். அவன் என்ன செய்வான், கற்றுக்கொடுத்தபடி தட்டியிருக்கிறான், தட்டியிருக்கிறான், கடைசியில் ஷூதான் கிடைத்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் காலுறையை நானே அவிழ்த்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் ஆயிற்றே என்று மேடத்துக்கு மட்டும் மணியைக் காட்டினேன்.

மேடம் மணியைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அது கூப்பிட்டிருக்கு. கேக்கக் கூடாதுன்னு நீங்கதான் அதோட வாயைக் கட்டியிருக்கீங்க. இதுல யாரைப் பண்ணைக்கு அனுப்பணும்?"

பதில் பேசாத ஆள்

ஸ்கூட்டரில் வந்த சிநேகிதர் காப்பி சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனார். அத்தோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். தீபாவளி கழிந்ததும் ஹாஸ்டலில் மகளுக்கு மஞ்சள் காமாலை என்று தகவல் வர, மேடம் அன்றைக்கே கோயம்புத்தூர் கிளம்பிவிட்டார். வீட்டில் சாரும் டைகரும் மட்டும். மேடம் திரும்பி வரும்போது நாய் இருக்குமா என்று எனக்கு ஒரே கவலை.

நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் போனேன். சவுக்கு மரத்தடியில் சார் லுங்கியோடு நின்றுகொண்டிருந்தார். டைகர் வேலையை முடித்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சார் அவனிடம் தன் சூப்பர்வைசரைப் பற்றி வண்டி வண்டியாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கொஞ்சம் வெட்கப்பட்டுப் போனார். "மத்தவங்க கிட்ட சொன்னா ஆபீஸ் வரைக்கும் போயிடும் மாஸ்டர். இவன் யார்கிட்டயும் சொல்ல மாட்டான்."

திரும்பி வந்தவர்

மகளுக்குக் குணமாகி, ஒரு மாதத்துக்குப் பிறகு மேடம் திரும்பி வந்தார். என்னையும் கூப்பிட்டு அனுப்பினார். சந்தோஷச் செய்தியாகத்தான் இருக்கும் என்று பூரித்துப் போய்ப் படியேறினேன்.

நான் உட்கார்ந்திருக்கும்போதே டைகர் போய் மணியைத் தட்டினான். மேடம் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அவன் அவரை நிமிர்ந்து பார்த்தான், அவருக்குப் பின்னால் ஹாலைப் பார்த்தான், அங்கேயே உட்கார்ந்துவிட்டான். உள்ளே இருந்து சார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்த பிறகுதான் எழுந்தான். இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள். ரெண்டு காலுக்கு இப்போது ஒரு வலியும் தெரியவில்லை. கீழே இருந்து சாரின் பேச்சுச் சத்தம் மட்டும் மேலே வந்தது.

மேடம் கதவைச் சாத்தாமல் அங்கேயே நின்றார். சிரிக்கத்தான் பார்த்தார், ஆனால் கண் கலங்கிவிட்டது: "இனிமே இது எங்கயும் போகாதுன்னு எனக்குத் தெரியும் மாஸ்டர், சந்தோஷந்தான். ஆனா அவரு வேலைக்குப் போயிட்டா வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. அவரும் வீட்டுக்கு வந்தா அதுகிட்டதான் பேசுறாரு. நான் யார்கிட்ட பேசுறது?"

வெளியே போக வேண்டுமென்றால் சொல்ல எத்தனையோ நாய்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். வீட்டுக்குள்ளே இருப்பவரிடமும் நாலு வார்த்தை பேசலாம் என்று மனுஷனுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு மணி கிடைத்தால் சொல்லுங்கள், மறுபடியும் மொபெட்டை எடுக்கிறேன்.