பரணில் மூன்றாவது மாலை

நான் ஓரிடத்தில் இருக்கமாட்டாதவன் என்பது எங்கள் வீட்டில் எப்போதோ தீர்ந்துபோன விஷயம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். நான்கு நாடுகளைச் சுற்றினேன். மொன்றியலுக்கு வந்த பின்பும் ஆறு வீடுகள், பதினொரு வேலைகள்.

பதினோராவது வேலை நகருக்கு வெளியே லொங்குய்யில் ஒரு யன்னல் பட்டறையில். பக்கத்து மேசையில் கண்ணாடி வெட்டுபவன் கியூபெக்காரன், என் வயதுதான். தெற்கே ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் அவனுக்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காடு இருந்தது. அதில் ஒரு மேப்பிள் மரத்தோடு பதினைந்தடி உயரத்தில் வேட்டைப் பரண் கட்டியிருந்தான். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்ததால் அந்த இலையுதிர்காலம் அவனால் ஏணி ஏற முடியவில்லை. காது கிழிந்த ஆண்மான் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஆசைப்பட்டான். வெள்ளிக்கிழமைகளில் பட்டறை மதியத்தோடு மூடிவிடும். மூன்று வெள்ளி மாலைகள் நான் ஏறிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. மூன்றாவதற்கு மறுநாள் அவனுடைய மருமக்கள் வில்லோடு வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு மான்கள் அந்தப் பக்கம் தலைகாட்டாது.

வீட்டில் சொன்னேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கோயில்ல பூசை முடியுமட்டும் நிக்கமாட்டாத மனிசன், மரத்தில மூண்டு மணித்தியாலம் இருக்கப்போறாராம்!"

முதல் வெள்ளி, வெளிச்சம் சாயும் நேரத்தில் இரண்டு பெண்மான்கள் வந்தன. பாதி வழியில் நின்று, மூக்கை உயர்த்தி, ஒரு பெருமூச்சுச் சீறலோடு வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு மறைந்தன. இரண்டாவது வெள்ளியும் அப்படியே. காட்டோரத்தில் ட்ரக்கில் காத்திருந்தவன், "அசைந்தாயா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. உண்மையில் நானும் நம்பவில்லை. கால் கொஞ்சம் ஆடியிருக்கும் என்றே நினைத்தேன். இத்தனை வருடமாக எல்லோரும் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, அது எனக்கும் ஊறிப்போயிருந்தது.

திரும்பும் வழியில் குளிருக்கு ஹீட்டரைப் போட்டான். சிறிது நேரத்தில் முகத்தைச் சுளித்து யன்னலைத் திறந்தான். என் ஜாக்கெட்டின் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனான்.

"இதற்குள் ஒரு ரெஸ்டோரண்ட் இருக்கிறதே!"

எங்கள் ஆட்கள் பொரிக்கத் தொடங்குமுன் ஜாக்கெட்டுகளை எல்லாம் அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேலிப்பட்டுக் கற்றுத்தந்த பாடம் அது. என்னுடையது மட்டும், எந்த நேரமும் வெளியே பாயத் தோதாக, அடுப்படிக் கதவின் பின்னால் ஆணியில் தொங்கும். எத்தனை வருட வெங்காயமும் செத்தல் மிளகாயும் அதில் ஏறியிருந்தனவோ! எங்கள் மூக்குக்கு அது தெரியாது. மானுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜாக்கெட்டை அப்பச்சோடாவில் ஊறவைத்துக் கழுவினேன். ஆறு நாள் பல்கனியில் தொங்கவிட்டேன். பிறகு காட்டு வாசம் ஏறட்டும் என்று கிறிஸ்மஸ் மரக் கிளைகளோடு ஒரு பையில் போட்டுக் கட்டினேன். வெள்ளி காலையில் சாம்பிராணித் தட்டோடு வந்த மனைவியைத் தடுத்தேன்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா! மானுக்குப் பயந்து சாமிக்குப் புகை காட்டாமல் விடுறதே?"

"இண்டைக்கு ஒரு நாள் மட்டும்."

"சாமி கேட்டால் நீங்களே சொல்லுங்கோ."

மூன்று மணிக்கு ஏறினேன். இடுப்பு வாரை மரத்தோடு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மஞ்சளும் சிவப்புமாக இலைகள் தானாக விழுந்துகொண்டிருந்தன. ஓர் அணில் என் சப்பாத்தின் மேல் ஏறி, யோசித்து, இறங்கிப் போனது. மூக்கு நுனி மரத்தது. முதுகு வலித்தது. ஒருகாலத்தில் ஓர் எல்லையைக் கடக்க லொறியில் வெங்காய மூட்டைகளுக்கு அடியில் பத்து மணி நேரம் அசையாமல் கிடந்தவன் நான். எனது ஓட்டங்களைச் சொல்லும் எவரும் அதைச் சொல்வதில்லை. நானே அன்றுதான் நினைத்துப்பார்த்தேன்.

முதலில் ஒரு பெண்மான் வந்தது. நிற்கவில்லை, சீறவில்லை. அதன் பின்னால், தடித்த கழுத்தும் விரிந்த கொம்புமாக ஆண்மான். இடது காது இரண்டாகக் கிழிந்திருந்தது. நேராக எனக்குக் கீழே வந்தது. முதுகில் ஒட்டியிருந்த மேப்பிள் இலையைப் பார்த்தேன். பக்கத்து ஓக் மரம் உதிர்த்த கொட்டைகளை அது கடிக்கும் சத்தம் கேட்டது. திடீரென்று தலையை உயர்த்தி என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். மரத்தில் ஒரு முண்டு என்று நினைத்ததோ என்னவோ, தலையைக் குனிந்து மறுபடி தின்னத் தொடங்கியது.

வாழ்க்கையில் எனக்கு ஒரு சான்றிதழும் கிடைத்ததில்லை. அன்று கிடைத்தது. வயிறார மேய்ந்து, அதுவாகத்தான் போனது.

ட்ரக்குக்கு வந்து என் காதைத் தொட்டு, கிழிந்ததுபோல் விரலால் காட்டினேன். அவன் கத்திக்கொண்டு ஸ்டியரிங்கில் குத்தினான். ஹோர்ன் அலறியது. அந்தக் காட்டு மான்கள் எல்லாம் அமெரிக்க எல்லைவரை ஓடியிருக்கும்.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி என்னை முகர்ந்து பார்த்தாள்.

"என்னப்பா, ஆரோ வேற மனிசன் மாதிரி இருக்கிறியள். மான் வந்துதோ?"

"வந்தது. எனக்குக் கீழயே நிண்டு திண்டது."

"நீங்கள் அசையேல்லையோ?"

"இல்லை."

"அப்ப நாளைக்குப் புரட்டாதிச் சனி. கோயிலுக்கு வந்து பூசை முடியுமட்டும் நிண்டு காட்டுங்கோ."

போனேன். எள்ளெண்ணெய் எரித்து, ஐயர் கடைசி ஆளுக்கும் திருநீறு கொடுத்து முடிக்கும்வரை நின்றேன். "போவமே?" என்று கேட்டது அவள்தான்.

திங்கட்கிழமை பட்டறையில் கண்ணாடி வெட்டுபவன் சொன்னான், மருமக்கள் இரண்டு நாள் பரணில் இருந்தும் காது கிழிந்ததன் வாலைக்கூடக் காணவில்லையாம். காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு ஏறினார்கள் என்று கேட்டேன்.

"பொரித்த பேக்கன்," என்றான்.