ஏழாம் இலக்கத்துக்கு ஓர் அர்ச்சனை

எங்கள் ஊர் சல்லியில் முத்துமாரியம்மன் கோயில் ஐயர் பெயரைக் கேட்டார், சொன்னேன். நட்சத்திரம் கேட்டார்.

"தெரியாது ஐயா. லெபனான் பிள்ளை. ஏழாம் இலக்கச் சட்டை போட்டுப் பந்தடிக்கிறவ. முழங்காலுக்காகத்தான் அர்ச்சனை."

ஐயர் தட்டைப் பிடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, அம்மாளுக்கு விளங்கும்," என்று மந்திரத்தைத் தொடங்கினார்.

பெய்ரூட்டில் அந்தப் பிள்ளையின் வீட்டில்தான் வீட்டு வேலை செய்தேன். மாடிவீடு. கொஞ்சம் சத்தம் கேட்டாலும் கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிப்பாள். பொல்லாத மனுசி! அதனால் எங்களுக்குப் பந்து, சுருட்டிக் கட்டிய காலுறைகள். குசினிக் கதவுதான் கோல், காப்பவள் நான். கோல் போட்டால் பிள்ளைக்குக் கத்த ஏலாது. உதட்டில் விரலை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் குதிப்பாள்.

நான் ஊருக்கு வந்த பிறகு படங்கள் வந்துகொண்டே இருந்தன. பள்ளிக்கூட அணி, கழகம், பிறகு நாட்டின் சட்டை! சல்லி முழுக்கக் காட்டித் திரிந்தேன். புல்தரையில் ஆடியவள் உள்ளரங்குப் பந்துக்கும் போனாள். அது பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுவது. பந்து சின்னது, பாரமானது, அதிகம் துள்ளாது. உள்ளங்காலால் இழுத்து இழுத்து ஆள வேண்டும். காலுறைப் பந்தோடு வளர்ந்தவளுக்கு அது பெரிய வேலையா? புகழெல்லாம் பயிற்சியாளருக்குப் போனதில் எனக்கு எரிச்சல்தான்.

பிறகு முழங்காலில் சவ்வு கிழிந்தது. சத்திரசிகிச்சை, ஊன்றுகோல், நீண்ட ஓய்வு. நேற்றுத்தான் அழைத்தாள். 'அக்கா' மட்டும் தமிழ், மற்றதெல்லாம் அரபு.

"அக்கா, நாளைக்குத் திரும்ப இறங்குகிறேன். கால் கைவிட்டால் இதோடு பந்தை விட்டுவிடுவேன்."

"விசர்க்கதை கதையாதே," என்று அதட்டிவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன்.

இன்று பின்னேரம் தங்கச்சி வீட்டு முற்றத்தில், கருவாடு காயும் பாய்க்குப் பக்கத்தில், ஆட்டம் பார்க்கப் போனை மீன்பெட்டியில் சாத்திவைத்தோம். முதல் பாதி முழுக்க என் பிள்ளை களத்துக்கு வெளியே வாங்கில் குந்தியிருந்தாள். அந்தப் பயிற்சியாளரை நான் திட்டாத திட்டில்லை. இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்போது இறக்கினார்கள். இறங்கிய கையோடு ஒருத்தி இடித்து விழுத்தினாள். பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அந்த நேரம் பார்த்துப் படம் நின்று வட்டம் சுற்றியது. எனக்கு உயிரே போய்விட்டது.

படம் திரும்ப வந்தபோது ஓடிக்கொண்டிருந்தாள்! பந்து வந்தது. உள்ளங்காலால் மிதித்து நிறுத்தி, வலப்பக்கம் பார்த்தாள்.

"இடப்பக்கம் போகும் பார்!" என்று தங்கச்சியின் தோளை உலுக்கினேன். குசினிக் கதவில் நான் ஏமாந்த ஏமாற்றமெல்லாம் அதுதானே. காப்பாளர் வலப்பக்கம் பாய, பந்து இடப்பக்கம் உருண்டு உள்ளே போனது.

அரங்கமே அதிர்ந்தது. பிள்ளை கமராவுக்கு முன்னால் ஓடிவந்து, உதட்டில் விரலை வைத்துக் குதித்தாள்.

"என்னக்கா, சனத்தைச் சத்தம் போட வேண்டாமெண்டு சொல்லுறாவோ?" என்று தங்கச்சி கேட்டாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து நின்று, அந்த வீட்டில் அடக்கிவைத்த சத்தத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். கருவாட்டைச் சுற்றி நின்ற காகங்கள் பறந்தன. கத்தட்டும் என்று தங்கச்சியும் விட்டுவிட்டாள். எங்கள் முற்றத்துக்குக் கீழே வெறும் மணல்தான்.