மாமனாரின் முடிச்சு

கல்யாணமான மறுவாரம் மாமனார் கேட்டார்: "மாப்பிள்ளைக்குத் தூண்டில் பழக்கம் உண்டா?"

புதுப்பெண் கதவோரம் நின்று ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தூண்டில்னா உயிர் மாமா!" என்று சொல்லிவிட்டார் மாப்பிள்ளையான கடிகாரக்காரர். அந்த ஒரு வார்த்தை இருபத்திரண்டு வருஷத்து ஞாயிறுகளை விழுங்கிவிட்டது.

ஆறு நாளும் கண்ணில் பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டு கடையில் குனிந்து கிடக்கிறவர். ஏழாம் நாளாவது போர்வைக்குள் சுருண்டு கிடக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. ஆனால் ஞாயிறு விடிந்ததும் வாசலில் மாமனாரின் சைக்கிள் மணி அடிக்கும். தண்ணீரைப் பார்த்து மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் ஊரார் அவருக்கு வைத்த பெயர் 'கொக்கு'.

கொக்கு கோல் வைத்துக்கொள்ள மாட்டார். "கோலை நம்பக் கூடாது மாப்பிள்ளை, கையைத்தான் நம்பணும்" என்று தூண்டில் நரம்பின் முனையை மணிக்கட்டிலேயே கட்டிவிடுவார். தனக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று. மத்தியானம் அவரேதான் அவிழ்த்துவிடுவார்.

போன மழைக்காலத்தில் கொக்கு கண்ணை மூடினார். கடிகாரக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகைக்கு நடுவிலும், 'இனி ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம்' என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அடப் பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். இரண்டே ஞாயிறுதான் தூங்கினார். மூன்றாவது ஞாயிறு மனைவி, துவைத்து மடித்த அப்பாவின் கோட்டை நீட்டினாள்.

"அப்பா இடம் காலியாக் கிடக்கக் கூடாதுங்க."

கலங்கிய அந்தக் கண்களைப் பார்த்து 'மாட்டேன்' என்பதற்குப் பதில் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டார்.

இனி வரமாட்டேன் என்று இன்று வீடு திரும்பியதும் மனைவியிடம் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் ஏரிக்கு வந்திருந்தார். ஆனால் பழக்க தோஷம், பல்லும் ஒரு கையுமாக மணிக்கட்டில் அதே முடிச்சைப் போட்டுக்கொண்டார். பார்த்துப் பார்த்துக் கட்ட வந்துவிட்டது. அவிழ்க்க? கொக்கு அவிழ்க்கும் நேரத்தில் ஒருநாளும் அவர் கையை இவர் பார்த்ததில்லை. விட்டால் போதும் என்று சைக்கிளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பத்து மணிக்குத் தூண்டில் முள் தண்ணீருக்கடியில் ஏதோ வேரில் மாட்டியது. இழுத்தார், முடிச்சு இறுகியது. மறுபடி இழுத்தார், மணிக்கட்டு சிவந்தது. கடிகாரத்தின் மயிரிழைச் சுருளையே கழற்றும் விரல்கள் குளிரில் மரக்கட்டையாகிவிட்டன. கடித்துப் பார்த்தார், ஈறுதான் வலித்தது. கோட்டுப் பையில் மாமனார் வைத்திருக்கும் கத்தி இல்லை, துவைக்கும்போது எடுத்திருப்பாள். கூப்பிட்டால் கேட்க ஒரு ஈ காக்கை கிடையாது. உறுமும் குளிர்காற்றில், 'செத்தும் விடமாட்டீங்களா மாமா?' என்று வாய்விட்டே அழுதுவிட்டார்.

இரண்டு மணிக்கு மனைவி கரையில் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு... உயிரே போயிடுச்சுங்க! இதென்ன, மாட்டைக் கட்டின மாதிரி?"

"அவிழ்க்கத் தெரியலை."

"ஊருக்கெல்லாம் கடிகாரம் பிரிக்கத் தெரியுது!" அவள் முடிச்சின் அடியில் கட்டைவிரலை விட்டு ஒரு நெம்பு நெம்பினாள். நரம்பு கழன்று விழுந்தது. "சின்ன வயசுல என்னையும் கட்டிவிடுவாரே."

கையைத் தேய்த்துக்கொண்டே அவர் சொல்லிவிட்டார்: "எனக்கு இது ஆகாது. முதல் நாள்லேருந்தே ஆகாது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இருபத்திரண்டு வருஷமாவா?"

"உங்கப்பா முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியலை. அப்புறம் உன் முகம்."

"இனிமே நீங்க வர வேண்டாம். வீட்டுக்குப் போய்ப் படுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கு நான் உட்கார்ந்துட்டு வர்றேன்."

கடிகாரக்காரர் கரையேறினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு வந்து மிதியில் காலை வைத்தார். யாரும் தடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தார். கீழே மாமனார் வழக்கமாக உட்கார்ந்த கல்லின் ஓரத்தில், பாதி இடத்தை விட்டுவிட்டு, அவள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். தோள்கள் குலுங்கின.

சைக்கிளைச் சாத்திவிட்டு இறங்கி வந்தார்.

"கொஞ்சம் நகரு."

"உங்களுக்குத்தான் ஆகாதே?"

"ஆகாதுதான். நகரு."